ரிட்டர்ன் கிஃப்டுக்குச் சின்ன டார்ச்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ரிட்டர்ன் கிஃப்டாகச் சின்ன டார்ச் கொடுப்பது நல்ல தேர்வு. கைக்கு வந்த நிமிடமே குழந்தைகள் போர்வைக்குள் புகுந்து அடித்துப் பார்ப்பார்கள். விளையாட்டு அலுத்த பிறகும் வீட்டில் ஒரு இழுப்பறையில் கிடந்து உதவும். ஆனால் இருபது, முப்பது என்று மொத்தமாக வாங்கும்போது பலரும் நிறத்தையும் விலையையும் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது செல்லைத்தான். உள்ளே என்ன செல், எத்தனை செல், மூடி எப்படி மூடியிருக்கிறது என்ற மூன்று விஷயம் தெரிந்தால் போதும். அது எவ்வளவு நேரம் எரியும், எங்கே மக்கர் செய்யும், குழந்தை கையில் கொடுக்கலாமா என்பதெல்லாம் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

இருப்பதிலேயே மலிவு பட்டன் செல் டார்ச்சுகள். அமுக்கினால் எரியும் தட்டையான கீசெயின் டார்ச், ரப்பர் பட்டையால் விரலில் மாட்டும் குட்டி விளக்கு, சுவரில் மிருகப் படம் காட்டும் ப்ரொஜெக்டர் டார்ச் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த வகைதான். தட்டைக் கீசெயினில் சி.ஆர். 2032 ஒன்று இருக்கும், அல்லது சி.ஆர். 2016 இரண்டு அடுக்கி வைத்திருக்கும். அந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும்: முதல் இரண்டு இலக்கம் அகலம், 20 மில்லிமீட்டர், அடுத்த இரண்டு தடிமன், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6. விரல் விளக்கில் இன்னும் சிறிய எல்.ஆர். 41 செல்கள் இருக்கும், ப்ரொஜெக்டரில் பெரும்பாலும் எல்.ஆர். 44.

குழந்தைகள் வரும் விழாவுக்கு இவற்றில் எதையும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. காரணம் செல்லின் உருவம். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் ஒரு சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும் அளவு. சிக்கியவுடன் உமிழ்நீரும் ஈரமான திசுவும் செல்லின் இரு முனைகளையும் இணைத்து மின்னோட்டம் பாயும். எதிர்முனை (மைனஸ்) பக்கம் கடுமையான காரம் உருவாகி திசுவை அரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் உண்டாகலாம். டார்ச்சை எரியவைக்க முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன செல்லிலும் இந்தக் காயத்துக்குப் போதுமான வோல்டேஜ் மிச்சம் இருக்கும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே ஆபத்து. அமெரிக்காவில் 2022இல் பட்டன் செல் பொருட்களுக்கென்றே ரீஸ் சட்டம் என்று தனிச் சட்டம் வந்தது. செல் அறையைத் திறக்க ஒரு கருவி தேவைப்பட வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வேறு அசைவுகள் செய்தால்தான் திறக்க வேண்டும் என்பது அதன் வழியே வந்த விதி. அந்தச் சட்டம் பொருந்தாத ஊரிலும் இதே அளவுகோலை வைத்துக்கொண்டு பொருளைப் பாருங்கள். நகத்தால் நெம்பினாலே இரண்டாகப் பிளந்துவிடும் கீசெயின் டார்ச் அதில் தேறாது.

ஏற்கெனவே வீட்டில் இவை இருந்து, குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, கையருகே தேன் இருக்கிறது என்றால், போகும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேன் திசுவின் மேல் படிந்து அரிப்பின் வேகத்தைக் குறைக்கும். தேன் தேடுவதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு மட்டுமான விருந்து, பரிசு பெறுபவர் வீட்டில் கைக்குழந்தை இல்லை என்றால் கீசெயின் டார்ச் கொடுக்கலாம். அப்போதும் வெளிச்ச விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இந்த டார்ச்சில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் பெரும்பாலும் இருக்காது. செல்லின் உள் தடையே அந்த வேலையைச் செய்கிறது. சி.ஆர். 2032இன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தாலும், அது மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அளந்த கணக்கு. எல்.இ.டி. அதை உறிஞ்சத் தொடங்கியதும் முதல் சில நிமிடத்திலேயே வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய இறங்கும். சாவித் துவாரம் தேட, மெனு கார்டு படிக்க அது போதும். அமுக்கியே பிடித்திருக்க வேண்டிய வகையும் உண்டு, பக்கவாட்டில் தள்ளி நிறுத்தும் சுவிட்ச் உள்ள வகையும் உண்டு. தள்ளு சுவிட்ச் வைத்தது பைக்குள் தானாக நகர்ந்து எரிந்தே தீர்ந்துவிடும். அமுக்கும் வகையை எடுங்கள்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த ஒன்பது எல்.இ.டி. அலுமினிய டார்ச். ஒன்பது, பத்து சென்டிமீட்டர் நீளம், வாலில் ரப்பர் பட்டன், உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூடு, அந்தக் கூட்டில் ரிமோட்டுக்குப் போடும் ட்ரிபிள் ஏ செல் மூன்று. விலைக்கு மீறிய வெளிச்சம் தரும் டார்ச் இதுதான், கையில் பிடித்தாலும் பரிசு வாங்கிய திருப்தி இருக்கும். பெரியவர்களுக்கும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இது எங்கள் முதல் தேர்வு.

இதன் குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குத் தேவை சுமார் 3 வோல்ட்; புது செல் மூன்று சேர்ந்தால் 4.5 வோல்ட். மலிவு மாடல்களில் ஒன்பது எல்.இ.டி.யையும் பக்க இணைப்பில் நேரே செல்லுடன் சேர்த்துவிடுவார்கள், நடுவில் ரெசிஸ்டர் இருக்காது. அதனால் புது ஆல்கலைன் செல் போட்டதும் அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரியும், முகப்பு கொஞ்சம் சூடாகும், பிறகு செல் இறங்க இறங்க வெளிச்சமும் சேர்ந்து இறங்கும். தொடர்ந்து மணிக்கணக்கில் எரியவிட்டால் எல்.இ.டி.கள் ஒவ்வொன்றாக மங்கி நீலம் பாய்ந்துவிடும். ஒரு எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் என்ற வழக்கமான கணக்கில் ஒன்பதுக்கு 180 ஆகிறது. 1000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள ஆல்கலைன் ட்ரிபிள் ஏ போட்டால் உருப்படியான வெளிச்சம் நான்கைந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"எரியவே இல்லை" என்று இந்த டார்ச் திரும்பி வந்தால் பாதிக்கு மேல் குற்றம் டார்ச்சின் மீது இருக்காது. கூட்டைத் தலைகீழாகச் செருகியிருப்பார்கள். கூட்டின் ஒரு முனையில் நடுவில் சின்ன உலோகக் குமிழ் இருக்கும். வழக்கமாக அந்தப் பக்கம்தான் எல்.இ.டி.யை நோக்கிப் போக வேண்டும். திருப்பிப் போட்டால் எல்.இ.டி. கெடாது, எரியாது, அவ்வளவுதான். கூட்டுக்குள் மூன்று செல்லும் ஒரே திசையில் போகாது என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. ஸ்ப்ரிங் இருக்கும் பக்கம் செல்லின் தட்டைப் பகுதி வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் விட்டுவிட்டு எரிந்தால் வால் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். சுவிட்சைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிரே இரண்டு சின்னப் பள்ளம் தெரிந்தால், ட்வீசரின் இரு முனைகளை அதில் வைத்து வலப்பக்கம் திருகினால் இறுகும். வளையம் இல்லாமல் சுவிட்சை அழுத்திச் செருகியிருக்கும் மாடலில் அது தளர்ந்தால் சரிசெய்வது கஷ்டம். சாம்பிள் வாங்கும்போதே வால் மூடிக்குள் எட்டிப் பார்த்து, வளையம் போட்டதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு இடம் அலுமினியக் குழாயின் பின்பக்க விளிம்பு. குழாயின் நிறப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. வால் மூடியைத் தொடும் அந்த விளிம்பு மட்டும் பூச்சில்லாமல் பளபளவென்று இருக்க வேண்டும். அங்கே பூச்சு வழிந்திருந்தாலோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ டார்ச் மினுக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் நாலு முறை தேய்த்தால் சரியாகிவிடும்.

ஒற்றைப் பென்சில் செல்லில் (டபுள் ஏ) எரியும், முகப்பை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் டார்ச் பார்க்க ஆசையாக இருக்கும். செல் ஒன்று போதும் என்பது பெரிய வசதி. 1.5 வோல்டை எல்.இ.டி. கேட்கும் 3 வோல்டுக்கு உயர்த்த உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் இருப்பதால் செல் பாதி தீர்ந்த பிறகும் ஓரளவு வெளிச்சம் கொடுக்கும். குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. முழுதாகக் குவித்தால் ஒளி சதுரமாக, கூர்மையாக விழும். அதை ஒருவர் கண்ணில் ஒருவர் அடித்துக்கொள்வார்கள். மேலும் இந்த வகையில் பெரும்பாலும் அதிகம், குறைவு, மினுக்கல் என்று மூன்று நிலை வரும். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மினுக்கும் வெளிச்சம், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. விழாவுக்கு வரும் எந்தக் குழந்தைக்கு அந்தப் பிரச்சினை இருக்கிறது என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்காது. எந்த வகை டார்ச் என்றாலும் ஒரே நிலையில் எரிவதாக வாங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: பென்சில் செல் அளவிலேயே 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் விற்கிறது. சில விளம்பரங்களில் ஜூம் டார்ச்சின் வெளிச்சத்தை அந்தச் செல்லைப் போட்டுத்தான் காட்டுகிறார்கள். பரிசுப் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு ஏற்றது, பளபளப்பே இல்லாத ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் டார்ச்: ஒன்றோ இரண்டோ எல்.இ.டி., ட்ரிபிள் ஏ செல் இரண்டு, பெரிய தள்ளு சுவிட்ச், ஸ்க்ரூ போட்ட மூடி. இரண்டு செல் சேர்ந்து 3 வோல்ட் என்பதால் எல்.இ.டி.க்குக் கிடைப்பது மட்டுமட்டான வோல்டேஜ்; வெளிச்சம் மென்மையாக இருக்கும், செல் பாதி தீர்ந்ததும் நன்றாகவே மங்கிவிடும். குழந்தைக்கு அந்த மென்மைதான் வேண்டும். கூடாரம் கட்டி விளையாடவும் கட்டிலுக்கு அடியில் தேடவும் இருபது லூமன் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு) தாராளம். ஸ்க்ரூ மூடியில் ஒன்றைக் கவனியுங்கள்: முழுக்கக் கழற்றிய பிறகும் ஸ்க்ரூ மூடியோடே ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் நல்ல அமைப்பு. தனியே கழன்று விழுந்தால் முதல் முறை செல் மாற்றும்போதே அது தொலைந்து, அதற்குப் பிறகு மூடி டேப்பில்தான் நிற்கும். மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டார்ச்சே வேண்டாம். வாங்கிப்போகும் வீட்டில் அந்த வயதில் தம்பி தங்கை இருக்கக்கூடும் என்பதால், கழன்று வரக்கூடிய எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்காதபடி இருப்பது நல்லது. பொம்மைகளின் சிறு துண்டுகளைச் சோதிக்கும் உருளையின் அளவு அதுதான். கழுத்தில் மாட்டும் கயிறு இருந்தால், இழுத்தால் தானே பிரியும் கொக்கி உள்ளதா பாருங்கள். இல்லையென்றால் கயிற்றைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

கையால் அமுக்கி அமுக்கி எரியவைக்கும் டைனமோ டார்ச் செல்லே வேண்டாத பரிசு என்று தோன்றும். மலிவு டைனமோ டார்ச்சுகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பட்டன் செல் ஒளிந்திருக்கும். கைப்பிடி சத்தம் போடும், வெளிச்சம் அந்தச் செல்லிலிருந்து வரும். ஒளிபுகும் உடம்பு உள்ளதை வாங்கினால் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கிறதா, தகடு போல ஏதாவது செல் தெரிகிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். உண்மையான டைனமோவும் பல் சக்கரம் பிளாஸ்டிக் என்பதால் வேகமாக அமுக்கும் பிள்ளை கையில் சீக்கிரம் பல் உடைந்துபோகும்.

யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏற்றும் குட்டி டார்ச்சில் மெல்லிய பை போன்ற உறையில் ஒரு லித்தியம் செல் இருக்கிறது. மிக மலிவான மாடலில் அதற்குரிய பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. நம்பகமான தயாரிப்பாளரின் பொருளாக இருந்தால் பெரியவர்களுக்குக் கொடுக்கலாம். பெயரில்லாத மொத்தச் சரக்கில் வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. டார்ச்சோடு லேசர் சேர்ந்த மாடலுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. லேபிளில் எழுதியதைவிட அதிகச் சக்தியோடு வரும் மலிவு லேசர்கள் உண்டு, விழித்திரையில் பட்ட சேதம் திரும்பாது.

அட்டையில் "2000 லூமன்" என்று போட்டிருந்தால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால் 2000 லூமனுக்கு 20 வாட் வேண்டும். 4.5 வோல்டில் அது நாலரை ஆம்பியர். ட்ரிபிள் ஏ செல் அந்த மின்னோட்டத்தைக் கொடுக்காது. எரியும் நேரத்திலும் இப்படித்தான். டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 என்ற தரமுறைப்படி அளந்தாலே, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம்தான் "எரியும் நேரம்". எந்தத் தரமுறையும் குறிப்பிடாமல் போட்ட எண்ணுக்கு மதிப்பே இல்லை.

செல்லுக்கு வருவோம். டார்ச்சோடு இலவசமாக வரும் செல் பெரும்பாலும் கார்பன் ஜிங்க் வகை. உறையில் ஆர்03 (ட்ரிபிள் ஏ) அல்லது ஆர்6 (பென்சில் செல்) என்று இருக்கும். முன்னால் எல் சேர்ந்து எல்.ஆர்.03, எல்.ஆர்.6 என்று இருந்தால் அது ஆல்கலைன். "ஹெவி டியூட்டி" என்று பெரிதாக அச்சிட்டிருப்பது கார்பன் ஜிங்க் செல்லைத்தான், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எடை போட்டும் கண்டுபிடிக்கலாம்: ஆல்கலைன் பென்சில் செல் 23 கிராம் அளவில் இருக்கும், கார்பன் ஜிங்க் 20 கிராமைத் தொடாது. இதில் எடை மட்டும் பிரச்சினை இல்லை. கார்பன் ஜிங்க் செல்லில் வெளி ஜிங்க் குவளையே எதிர்முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தச் சுவரே கரைந்து மெலிந்து ஓட்டையாகிக் கசியும். டார்ச்சை மறந்து அணைக்காமல் விடும் குழந்தையின் கையில் இது சீக்கிரமே நடக்கும். செல் இல்லாத டார்ச்சாக வாங்கி, ஆல்கலைன் செல்லைத் தனியே மொத்தமாக வாங்கிப் போடுவது செலவில் கொஞ்சம் கூடும். டார்ச்சை மலிவாக எடுத்து அந்த மிச்சத்தைச் செல்லில் போடுங்கள் என்பதுதான் இந்த விமர்சனத்தில் நாங்கள் சொல்லக்கூடிய மிக உபயோகமான யோசனை. விலை ஒப்பிடும்போதும் செல்லோடு சேர்த்த விலையை ஒப்பிடுங்கள்.

மொத்த ஆர்டருக்கு முன் ஒவ்வொரு மாடலிலும் இரண்டு, மூன்று சாம்பிள் வாங்குங்கள். புது செல் போட்டு, இருட்டறையில் வெள்ளைச் சுவருக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்து, எரிந்த முதல் நிமிடம் செல்போனில் ஒரு படம், ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஒரு படம் எடுங்கள். போன் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும் என்பதால் எக்ஸ்போஷரைப் பூட்டிவைத்து எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து தரையில் மூன்று முறை போடுங்கள்: தலைகீழாக, வால் பக்கமாக, பக்கவாட்டில். மூடி திறந்து செல் வெளியே வந்தால் அந்த மாடல் வேண்டாம். எரியும்போதே கையில் குலுக்குங்கள். மினுக்கினால் ஸ்ப்ரிங் பலவீனம் அல்லது சால்டர் சரியில்லை. சுவிட்சை ஐம்பது தடவை போட்டு அணையுங்கள். வண்ணப் பூச்சை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து, நிறம் துணியில் ஒட்டுகிறதா பாருங்கள். பெட்ரோல் போன்ற நெடி அடிக்கும் ரப்பர் பிடியை வாய் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள்; முப்பது பேர் என்றால் முப்பத்து மூன்று. சரக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் எரியவிட்டுப் பார்த்த பிறகுதான் பொதிய வேண்டும். எல்.இ.டி.யை நேரே உற்றுப் பார்க்காமல் வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தால் எரியாத புள்ளி நிழலாகத் தெரியும். நிறம் கலந்து வாங்கினால் சிவப்புக்கும் நீலத்துக்கும் சண்டை வரும். ஒரே நிறத்தில் வாங்கி ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டிவிடுவது எளிது.

விழாவுக்குச் சில நாள் முன்பே செல் போட்டுவைப்பதாக இருந்தால் பைக்குள் தானாக எரியாமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் நாக்கு வையுங்கள். பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, செல்லின் குமிழ் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே செருகி, மறுமுனை மூடி இடுக்கு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மூடிவிடுங்கள். இழுத்தால் வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்துங்கள், நாக்கு வெளியே வந்ததும் இறுக்கிக்கொள்ளலாம். திருகினால் எரியும் வகைக்கு நாக்கு தேவையில்லை, தலையை ஒரு சுற்று தளர்த்தி வைத்தாலே போதும். மழை நாட்களில் அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்தால் செல்லைத் தனியே வைத்திருந்து முந்தின நாள் போடுவதே நல்லது.

கூடவே ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வையுங்கள். அதில் மூன்று வரி போதும்: எந்தச் செல், எத்தனை, செல்லைப் பெரியவர்கள் மாற்ற வேண்டும், நாள்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் செல்லைக் கழற்றி வைக்க வேண்டும். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்துவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு காது குடையும் பஞ்சை வினிகரில் தொட்டு ஸ்ப்ரிங்கைத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டால் பெரும்பாலும் திரும்ப எரியும். கூடுதலாக வாங்கிய மூன்று டார்ச்சையும் வாசலருகே ஒரு பெரியவர் கையில் கொடுத்துவையுங்கள். கிளம்பும்போதே எரியவில்லை என்று வரும் குழந்தைக்கு அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடலாம்.